குறுக்கே திடம், நெடுக்கே திரவம்

திரவத்தை நூலாக இழுக்கலாம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். பலாச்சக்கை வெட்டும்போது விரலோடு நீண்டு வரும் பாலையும், ரப்பர் சிரட்டையின் விளிம்பில் தொங்கும் இழையையும் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் திரவ நூலுக்கு ஆயுள் குறைவு. தேனானாலும் எண்ணெயானாலும் மெலியும், மெலிந்த இடத்தில் கழுத்து நெரிபடும், மணி மணியாக அறுந்து விழும். நான் இழுத்த நூல் அறுந்து விழவில்லை. செம்பு அடுப்பின் கண்ணாடிச் சன்னலுக்குள், கீழே ஒரு குழியில் கிடந்த துளிக்கும் மேலே ஒரு குண்டூசி முனைக்கும் நடுவே, தலைமயிரைவிட மெல்லிசாக, மணிக்கணக்கில் நின்றது. நிற்கிற திரவத்தை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது நம்மைப் பார்ப்பதுபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், செங்கல் பக்கம் எங்கள் வீடு. நான் திருவனந்தபுரத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. அப்பாவுக்கு வாதம் வந்து, பேச்சும் வலது பக்கமும் போய், கட்டிலோடு ஆனபோது நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆய்வை விட்டுவிட்டால் அதோடு போயிற்று என்றும் தெரியும். வழிகாட்டிக்கும் தெரியும். சின்ன அடுப்பையும் பழைய நுண்ணோக்கியையும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நகரத்து ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஒர்க் ஷாப், லேத் ஓடினால் நூல் நடுங்கும். கிராமத்தில் அமைதியாக இருக்கும் என்றார். கிராமத்தில் இருந்து பார்க்காதவர்.

அந்தப் பொருளின் மூலக்கூறுகள் பப்படம்போல வட்டமானவை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நின்று தூண்களாகும். தூண்கள் தேனடையின் அறைகளைப்போல நெருக்கி நிற்கும். ஒரு தூணுக்குள் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, பப்படங்கள் இஷ்டம்போல வழுக்கிக்கொண்டே இருக்கும். தூணுக்கும் தூணுக்கும் இடையே உள்ள தூரமோ இம்மியும் மாறாது. அதனால் அது குறுக்கே திடம், நெடுக்கே திரவம். கொதிநீர்ச் சூட்டுக்குச் சற்றுக் கீழே வைத்துக் குண்டூசியால் தொட்டுத் தூக்கினால் தூண்கள் எல்லாம் இழுத்த திசைக்குத் திரும்பிக்கொண்டு ஒரு நூலாக எழும்பி வரும். எழும்பிய நூலை மின்சாரத்தால் ஒரு தட்டுத் தட்டினால் தந்திபோல அதிரும். நீளம் குறைந்தால் சுருதி ஏறும், கூடினால் இறங்கும். அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது, நாள்பட நூல் எப்படி மெலிகிறது, அறுந்தால் எப்படி நத்தையின் கொம்புபோல இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவைதான் என் வேலை. வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து ஒரு துளி நிற்பதைக் காவல் காத்தேன்.

அப்பா மைக் செட் வைத்திருந்தவர். அம்மன் கோயில் உற்சவத்துக்கும் பள்ளி கன்வென்ஷனுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஹாரன் ஒலிபெருக்கிகள். தேவாலயத்தைப் பள்ளி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வது. அந்தச் சாமான்கள் கிடந்த அறையில், சுவரில் பதித்த ஒரு கருங்கல் பலகை உண்டு. அடுப்பை அதன்மேல் வைத்தேன். ஒலிபெருக்கிகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக வாயைத் திறந்தபடி இருந்தன. அதே சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில், தலைமாடு சுவரோடு ஒட்டி.

அம்மா முதல்நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"மக்கா, இதுக்கு உயிரு உண்டா?"

"இல்லம்மா. மெழுகு மாதிரி ஒரு சாமானாக்கும்."

"மெழுகு எப்பிடி மக்கா எழும்பி நிக்கும்?"

சித்தப்பா, அப்பாவின் தம்பி, காலையில் ரப்பர் வெட்டி, பாலை உறையவைத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தினமும் வருவார். அவரும் பார்த்தார். "பாலராமபுரத்து நெசவுக்காரன் கண்டா விடமாட்டான். ஒரு முண்டு நெய்யதுக்கு இது எத்தன வருசம் ஆவும்?"

சிரித்தோம். சிரிப்பு அந்த வீட்டில் நீண்டநேரம் தங்காது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: கண் திறப்பார், கஞ்சி விழுங்குவார், ஆனால் நீங்கள் பேசுவது எதுவும் உள்ளே போகாது. அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. தினமும் துடைத்துவிடும்போதும் கஞ்சி கொடுக்கும்போதும் ஊர்க்கதை முழுக்க அவரிடம் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு ஒரு நொடி நிறுத்துவாள். பதிலுக்கு விட்ட இடம் அது. அந்த இடம் ஒவ்வொரு நாளும் காலியாகவே இருந்தது. அவர் உள்ளே இருக்கிறாரா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. வேறெதையும் அவள் கேட்கவில்லை.

சித்தப்பாவுக்குத் தெரியவேண்டியது வேறு. அப்பா எங்கே கிடப்பார் என்பது. அப்பா கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர். ஆனாலும் பங்குனியில் குடும்பத்துத் தோட்டமான விளையில் இருக்கும் அம்மனுக்குப் பொங்கலிடப் போகாமல் இருந்ததில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பாதி இப்படித்தான், ஒரு பந்தியில் இரண்டு ஜெபம். உயிரோடு இருக்கும்வரை ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. படுக்கையில் விழுந்தால்தான் குழி எங்கே என்ற கேள்வி எழும்பும். நல்ல நாளில் கேட்டபோதெல்லாம் அப்பா, "ரெண்டு எடத்திலயும் ஒவ்வொரு ஹாரன் கெட்டி வையுங்க, எங்க கெடந்தாலும் சத்தம் கேக்கும்" என்று தப்பித்துவிட்டார். இப்போது அவருடைய கட்டிலுக்கு மேலே, அவர் கேட்கமாட்டார் என்ற துணிச்சலில், அம்மாவும் சித்தப்பாவும் வழக்காடினார்கள்.

"மைனி, எனக்க அண்ணன் எங்க விளையில எங்க அப்பனுக்க காலடியிலதான் கெடப்பாரு. நான் சொல்லிப்போட்டேன்."

"ஒமக்க அண்ணன் பள்ளியில பேரு உள்ள ஆளாக்கும்."

"பேரு உண்டு. பங்குனியில எங்க வந்தாரு? ஒங்க உபதேசியாரு வீட்டுக்கா?"

"அது மைக் கெட்ட வந்தது."

"மைக் கெட்ட வந்த ஆளு எதுக்கு நெத்தியில சந்தனக் களபம் தொட்டாரு?"

"சூட்டுக்கு."

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். கேட்டுக்கொண்டே நூலைப் பார்ப்பேன்.

நூல் அகன்றது.

அதிர்கிற தந்தி வேகத்தில் நாடாவாகத் தெரியுமல்லவா, அப்படி. தட்டாமல், தொடாமல், அடைத்த பெட்டிக்குள். ஒரு மெல்லிய கோடு நடுவில் வயிறு வைத்து, மூடியிருந்த இமை கொஞ்சமாகத் திறப்பதுபோல, அகன்று நின்றது. பிறகு அடங்கியது. மறுநாளும் மத்தியானம். அதற்கு மறுநாளும். எடுத்த அளவெல்லாம் கெட்டது. வழிகாட்டியிடம் சொன்னேன், அதிர்வு எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் இந்த எண்களை யாரும் நம்பமாட்டார்கள் என்றார்.

தேடினேன். ரயில் பாறசாலையை விட்டுக் கிளம்பும்போது நூல் லேசாகத் துள்ளும், ஆனால் அது வேறுமாதிரித் துள்ளல், உடனே முடிந்துவிடும். ஒற்றசேகரமங்கலம் பக்கத்துப் பாறைமடையில் வெடி வைத்தால் ஒரு சிலிர்ப்பு. ஸ்டெபிலைசரை அணைத்தேன். அம்மாவின் ஆட்டுக்கல்லை நிறுத்தச் சொன்னேன். "ஒனக்க நூலு பாத்து நான் தோசை சுடாம இருக்கணுமா?" என்றாள், ஆனாலும் நிறுத்தினாள். நூல் அகன்றது.

ஒருநாள் வேறு வழியில்லாமல் உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். வைத்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். கல்லுக்குள் ஒரு வண்டு இரைவதுபோல இருந்தது. கையை எடுக்காமலே நடக்க முடியாதே, கதவைச் சுற்றி அந்த அறைக்குள் போய் அதே இடத்துக்கு நேரே பார்த்தேன். அப்பாவின் கட்டில் பலகை. பலகையைத் தொட்டேன். பிறகு அவர் நெஞ்சைத் தொட்டேன்.

அவர் கண் திறந்திருந்தது, கூரையை நோக்கி. உதடு ஒட்டியிருந்தது. நெஞ்சுக்குள் மிகத் தாழ்ந்த ஒரு முனகல். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்ததும் யாரும் பேசுவதற்கு முன்னால் வரும் இரைச்சலைப்போல. காதில் விழவில்லை, கையில்தான் விழுந்தது. அம்மாவும் சித்தப்பாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று களபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கைக்குக் கீழே அதுவும் நின்றது.

எனக்கு முதலில் வந்தது பயம். என் அப்பா என்று அறிந்தும் கையை எடுக்கத் தோன்றியது.

நான் சொன்னதும் அம்மா நம்பவில்லை. அதனால் நிரூபித்தேன். கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு விரல் நகர்த்தினோம், நூல் அசையவில்லை. திரும்பச் சேர்த்தோம், அகன்றது. அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். அவள் குரல் நூலின் சுருதிக்கு எத்தனையோ மேலே, நூல் சட்டை செய்யவில்லை. சித்தப்பாவைப் பலகையில் தாடையை வைத்துக் கத்தச் சொன்னேன். "எலே நூலே, கேக்குதா?" என்று கத்தினார். அவர் குரலும் அண்ணன் குரலைவிட மேலேதான். நூல் சும்மா நின்றது. அப்பாவின் முனகல் ஒன்றுக்கு மட்டும், அந்த நீளத்து நூல், அகன்று கொடுத்தது. எல்லா நேரமும் இல்லை. அம்மா ஊர்க்கதை சொல்லும்போது இல்லை. சித்தப்பா வந்து, இருவரும் குழியைப் பற்றி எடுத்ததும்தான்.

அம்மா நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "உண்டு," என்றாள். "ஆளு உண்டு உள்ள." சேலைத் தலைப்பால் கண்ணாடிச் சன்னலைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

சித்தப்பா கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். "இத்தற நாளும் கேட்டுட்டா கெடந்தாரு," என்றார். "அவருக்க தலைக்கு மேல நிண்ணு நான் அவருக்க குழிய அளந்துட்டு கெடக்கேன்."

அதற்குப் பிறகு அவர் மறுபடி வந்தது வேறு மனிதராக. சட்டையெல்லாம் போட்டு, கன்வென்ஷனுக்கு வருவதுபோல. அண்ணன் கேட்கும்படி குனிந்து சொன்னார்: "அண்ணே, மைனி சொல்லியதுபோல ஆவட்டும். பள்ளிக் கல்லறையிலேயே கெடவும். நான் வழக்குக்கு வரமாட்டேன்." அம்மா அழுதாள். அன்றைக்குக் கட்டன்காப்பியோடு பழம்பொரியும் பொரித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டது எனக்கு இன்னும் கூச்சமாக நினைவிருக்கிறது, புதுச் சம்பந்தக்காரர்களைப்போல.

மறுநாள் மத்தியானம் நூல் நேராக நின்றது.

அதற்கு மறுநாளும். ரயிலுக்குத் துள்ளியது, வெடிக்குச் சிலிர்த்தது, பிறகு நேராக நின்றது. அளவுகோலால் போட்ட கோடு. என் ஆய்வேட்டில் உள்ள மிக நல்ல அளவுகள் அந்த நாள்களில் எடுத்தவை. அடங்கும் வேகம், மெலியும் வேகம், தூண்கள் ஒன்றையொன்று உரசாமல் வழுக்கிப்போகும் வழவழப்பு, எல்லாம் பிசிறில்லாமல் வந்தன. இவ்வளவு அமைதி வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன்.

அப்பா கஞ்சி விழுங்கினார். கண் திறந்தார். கண் மூடினார். நெஞ்சில் கை வைத்தால் மூச்சு மட்டும்.

"ஆடுதா மக்கா?"

"இல்லம்மா."

"நல்லா நோக்கு."

நோக்கினேன். சுருதி மாறியிருக்கலாம் என்று தோன்றியது. நூலுக்கு ஒரு சுருதிதான் கேட்கும். ஒரு மனிதர் தன் குரலை அரை இழை இறக்கினாலோ ஏற்றினாலோ அதற்கு அவர் இல்லாதவராகிவிடுவார். ஆகவே நான் வேறு வேறு நீளத்தில் நூல் இழுக்கத் தொடங்கினேன். குட்டையாக ஒன்று. கொஞ்சம் நீளமாக ஒன்று. இன்னும் நீளமாக, நிற்குமா அறுமா என்ற எல்லையில். ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பாவை இந்த நீளத்தில் தேடினேன், அந்த நீளத்தில் தேடினேன். கிணற்றடியில் வெயில் இறங்கும்வரை. மூலையில் ஒலிபெருக்கிகள் வாயைத் திறந்து கொண்டிருந்தன. அவையும் என்னோடு சேர்ந்து கேட்பதாக ஒரு நேரம் தோன்றியது, எழுந்துபோய் அவற்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தேன்.

எங்கும் இல்லை.

சமாதானமாகிவிட்டார் என்று சொல்லலாம். கேட்டதைக் கேட்டுவிட்டார், இனி முனகத் தேவையில்லை. நான் அப்படித்தான் அம்மாவிடம் சொன்னேன். "சமாதானம் ஆன ஆளு கஞ்சி குடிச்சதும் கண்ண மூடிக் கெடக்காது," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் சேந்து அவர அடக்கம் பண்ணிட்டோம் மக்கா. இனி அவருக்கு இங்க என்ன உண்டு?"

அவளே சித்தப்பா வீட்டுக்கு நடந்து போனாள். அந்த முற்றத்துக்கு அவள் போனது கலியாணத்துக்குப் பிறகு எத்தனை தடவை என்று விரலில் எண்ணிவிடலாம். திரும்பும்போது சித்தப்பா பின்னால் வந்தார். அவருக்கு ஜலதோஷம், கழுத்தில் துவர்த்துத் துண்டைச் சுற்றியிருந்தார்.

"தம்பி, நான் சம்மதிச்சத நீரு மறந்திரும். நீரு சம்மதிச்சத நானும் மறக்கேன். வழக்கு பிடியும்."

"இதென்ன கூத்து மைனி. ஒத்துப்போன காரியத்துக்கு எப்பிடி வழக்கு பிடிக்கது? எனக்கு சிரிப்பாணில்லா வருது."

"சிரியாண்டாம். தொடங்கும்."

நான் பழைய நீளத்தில் நூலை இழுத்துவைத்துவிட்டுக் கண்ணை ஒட்டினேன். அந்தப் பக்கம் அவர்கள் தொடங்கினார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகம்போல இருந்தது. அண்ணன் எங்க விளையிலதான் கெடப்பாரு. இல்ல, பள்ளியிலதான். இல்ல, விளையிலதான். சித்தப்பா இரண்டு தடவை வசனத்தை மறந்து இருமினார். நூல் நேராக நின்றது.

"இப்பிடியா அண்ணைக்கி பேசினீரு?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணைக்கி என்ன வீறாப்பு. ஒமக்க அம்மை என்னைய அந்த விளைக்குள்ள ஏத்தினாளா? பொங்கலுக்கு இவரு மட்டும் போவாரு, நான் வேலிக்கு வெளிய நிப்பேன். செத்தபெறவும் நான் வேலிக்கு வெளியதானே நிக்கணும்? எனக்க மாப்பிள்ளய காண ஒமக்க பெஞ்சாதிக்கிட்ட நான் உத்தரவு கேக்கணுமா?"

இது நாடகமில்லை. இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சித்தப்பா பேசியபோது குரல் கம்மியிருந்தது. "அப்பம் நான் மட்டும்? ஒங்க கல்லறையில நான் ஒரு வெளக்கு ஏத்த ஒக்குமா மைனி? அமாவாசை வாவுக்கு ஒரு பிடி சோறு வைக்க ஒக்குமா? வாட்ச்மேன் விடுவானா? எனக்க கூடப்பிறந்தவருக்கு நான் ஒண்ணும் செய்யாம, ரோட்டுல நிண்ணு கேட்டுக் கம்பி வழியா பாத்துட்டு போவணும்."

"ஏன், ஒரு பூ கொண்டுவந்து வைக்கப்பிடாதா?"

"பூ வைக்க நான் யாரு, விருந்தாளியா?"

நூலின் நடுவில் ஒரு மங்கல். முதலில் என் கண்ணீர் என்று நினைத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தேன். கோடு அகன்றுகொண்டிருந்தது. மெதுவாக, வயிறு வைத்து, இமை திறப்பதுபோல.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. சித்தப்பாவின் தொண்டை அன்று கட்டியிருந்தது. கட்டிய தொண்டை அண்ணன் சுருதிக்கு இறங்கியிருக்கலாம். அவர் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாரா என்று எனக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை. எழுந்துபோய் அப்பாவின் நெஞ்சில் கை வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அளவெடுக்கிறவள் செய்யவேண்டியது அதுதான். நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள், "மக்கா, ஆடுதா?"

ஆடுகிறது என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள். ஓடிவந்து கண்ணாடியில் கண்ணை வைப்பார்கள், அழுவார்கள், காப்பி போடுவார்கள், மறுபடி ஒத்துப்போய்விடுவார்கள்.

"இன்னும் இல்லம்மா," என்றேன்.

அம்மா மூக்கைச் சிந்திவிட்டு அடுத்ததைத் தொடங்கினாள். சித்தப்பா விடவில்லை. நூல் அகன்றபடியே நின்றது.